பகலை விற்றவரின் வயல்

மடகாஸ்கர் தீவில் 1961 முதல் 1995-இல் தாம் இறக்கும் வரை பணியாற்றிய ஹென்றி தெ லொலானியே ஒரு பிரெஞ்சு இயேசு சபைக் குரு. சபையில் சேருமுன் பாரிசில் வேளாண்மை பயின்றவர். அத்தீவு மக்களுக்குச் சோறே உணவு. ஆயினும் சிறு உழவரின் விளைச்சலோ மிகக் குறைவு. உரமும் வீரிய விதையும் வாங்க அவர்களிடம் பணமில்லை. பணம் கேட்காத ஒரு வழியை அவர் அவ்வுழவர்களின் வயல்களிலேயே தேடினார். சிலர் கொத்தாக நடாமல் ஒற்றை நாற்றாக நடுவதைக் கண்டார். வேறு சிலர் நீரை எப்போதும் தேக்கி வைக்காமல், காயவிட்டுப் பாய்ச்சுவதைக் கண்டார். 1981-இல் ஆன்ட்சிராபேயில் இளம் உழவர்க்கென அவர் தொடங்கிய பள்ளியில், 1983-இல், பருவம் தவறிவிடுமோ என்ற அவசரத்தில் பதினைந்தே நாளான நாற்றுகள் நடப்பட்டன. வழக்கப்படி அவை ஒரு மாதமேனும் நாற்றங்காலில் இருந்திருக்க வேண்டும். அந்த இளம் நாற்றுகளோ எதிர்பாராத வகையில் தூர் கட்டிச் செழித்தன.

இவ்வாறு உருவான முறையே தமிழகத்தில் திருந்திய நெல் சாகுபடி என்று வழங்குகிறது. 1990-இல் அவர் அந்நாட்டு நண்பர்களோடு நிறுவிய அமைப்பின் பெயர் தெஃபி சைனா. மனத்தைப் பண்படுத்துதல் என்று பொருள். மண்ணுக்கும் மனத்துக்கும் ஒரே சொல்லை ஆளும் நமக்கு இப்பெயர் அயலானதன்று.

இம்முறையின் விளைச்சலைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றை அறிவியலார் சிலர் 2004-இல் கடுமையாக மறுத்தனர். அவ்வழக்கை வல்லுநர்களிடமே விட்டுவிடுகிறேன். என்னை உறுத்துவது வேறொன்று. மடகாஸ்கரில் இம்முறையைக் கற்றுக் கையாண்ட பலர் பின்னர் அதைக் கைவிட்டதாக 2003-இல் மோசர், பாரட் என்னும் ஆய்வாளர்கள் எழுதினர். அறியாமையோ சோம்பலோ அதற்குக் காரணமன்று. இம்முறையில் நடவுக்கும் களையெடுப்புக்கும் கூடுதல் உழைப்பு வேண்டும். சென்ற ஆண்டு நெல் தீர்ந்துபோன மாதங்களில்தான் அவ்வேலை வருகிறது. அப்போது ஏழை உழவர், அன்று மாலைச் சோற்றுக்காகப் பிறர் வயலுக்குக் கூலிக்குப் போகிறார். அவருடைய வயல் காத்துக் கிடக்கிறது.

ஒரு செயலுக்கு ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டுமெனில் அவரிடம் முழு அறிவும் முழுச் சம்மதமும் இருந்திருக்க வேண்டும் என்று குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்றோம். பயிற்சி முகாம்கள் அறிவைத் தருகின்றன. சம்மதிக்கும் உரிமை பகலை விற்றுவிட்டவருக்கு எங்கே இருக்கிறது? "சொல்லிக் கொடுத்தோம், அவர்கள் செய்யவில்லை" என்று கைகழுவும் நாம் (கைகழுவியவர் ஒருவரை நாம் தவக்காலந்தோறும் நினைக்கிறோம்) அதைக் கேட்பதில்லை.

நானும் கேட்கவில்லை. எங்கள் பங்கில் இரண்டு நாள் பயிற்சி வைத்தோம். கோனோவீடரைத் தள்ளிக் காட்டினார்கள். அரை ஏக்கர் குத்தகை வைத்திருக்கும் கைம்பெண் ஒருவர் முதல் நாளோடு நின்றுவிட்டார். பின்னர்த் தெருவில் பார்த்துக் காரணம் கேட்டேன். "நல்ல விசயந்தான் சாமி. ரெண்டு நாளும் அங்கனயே உக்காந்திருந்தா வீட்டுல யாரு சாமி உலை வைக்கிறது?" என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்கேட்டைப் புரட்டினேன். பந்தல், ஒலிபெருக்கி, மதிய உணவு, பயிற்றுநரின் பயணப்படி எல்லாம் இருந்தன. வந்தவர்கள் இழந்த கூலிக்கு ஒரு வரியும் இல்லை. அடுத்த பயிற்சிக்கான திட்டத்தில் அவ்வரியைச் சேர்த்திருக்கிறேன். இலவசமாகக் கற்றுக் கொடுத்துவிட்டுக் கூலியும் ஏன் கொடுக்க வேண்டும் என்று பங்குப் பேரவையில் கேட்கிறார்கள்.