கூலி பிறக்கும் இடம்

பிரசுரகர்த்தருக்கும் எழுத்தாளனுக்கும் நடுவே நின்று, ஒருவனுடைய கையெழுத்துப் பிரதிக்கு மற்றவரிடம் விலைபேசிக் கொடுப்பதையே ஜீவனமாகக் கொண்ட இலக்கிய ஏஜெண்டு, லண்டனில் ஏ. பி. வாட் என்பவர் 1870களில் இத்தொழிலைத் தொடங்கிய நாள் முதலாக, சிநேகிதரா தரகரா என்ற ஐயத்துக்கு ஆளாகியே வந்திருக்கிறார். வில்லியம் ஹைனமன் என்ற பிரசுரகர்த்தர் ஏஜெண்டை ஒட்டுண்ணி என்றே ஏசினார். பேரம் பேசத் தெரியாதவர்களோடு வியாபாரம் செய்து சுகம் கண்டவருக்கு அந்தக் கோபம் வந்ததில் ஆச்சரியமில்லை.

வாட் பெற்ற கூலி, நூல் விலைபோய் வந்த பணத்தில் நூற்றுக்கு 10. இக்காலத்தில் அது 15 ஆகியிருக்கிறது. விகிதம் எதுவாயினும், எழுத்தாளனுக்குப் பணம் வராதவரை தமக்கும் வராது என்ற நிலையில் நிற்கும் ஏஜெண்டு ஒரு நூலை நன்று என்று சொன்னால், அந்தச் சொல்லுக்காகத் தம் உழைப்பையே பணயம் வைக்கிறார். படித்துப் பார்ப்பதற்கென்று முன்கூட்டியே கட்டணம் வாங்குகிறவரோ, நூல் அச்சேறினாலும் ஏறாவிட்டாலும் தம் வயிற்றுக்குக் குறைவில்லாதவர். அவருடைய புகழுரைக்கு என்ன மதிப்பென்று எவரால் சொல்ல முடியும்?

வக்கீலும் வைத்தியரும் முடிவு இன்னதென்று உறுதி கூறாமலே கட்டணம் வாங்குகிறார்களே, படிப்பதும் உழைப்புத்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நியூயார்க்கில் 1946-இல் தோன்றிய ஸ்காட் மெரிடித் நிறுவனம், பெயர்பெற்ற ஆசிரியர்களுக்குக் கமிஷன் முறையில் பணிசெய்துகொண்டே, புதியவர்களிடம் கட்டணம் பெற்றுப் பிரதிகளைப் பரிசீலித்து அபிப்பிராயம் எழுதி அனுப்பிவந்தது. கட்டணத்தை அது மறைக்கவுமில்லை. ஆனால் மெரிடித்தின் பெயரால் சென்ற அக்கடிதங்களை எழுதியவர்கள், அவரிடம் சம்பளத்துக்கு அமர்ந்த இளைஞர்கள். பிற்காலத்தில் துப்பறியும் நாவல்களால் புகழ்பெற்ற லாரன்ஸ் பிளாக் அவர்களுள் ஒருவர். பணம் கொடுத்தவன் எவருடைய அபிப்பிராயத்தை வேண்டினானோ அது அவனுக்குக் கிட்டவே இல்லை. தோஷம் கட்டணத்தில் இருந்ததைவிடக் கையொப்பத்திலேயே அதிகம் இருந்தது.

ஏஜெண்டு ஒருவர், எழுத்தாளன் அழையாமலே அவனைத் தேடிவருவது குற்றமன்று. பத்திரிகையில் ஒரு கதையைப் படித்துவிட்டு அதன் ஆசிரியருக்குத் தாமாகக் கடிதம் எழுதும் ஏஜெண்டுகள் உண்டு. அத்தகையவர் கதையில் தம்மைக் கவர்ந்த இடம் எதுவென்று சொல்வார். எந்த நூலுக்கும் பொருந்தக்கூடிய துதியோடு வருபவர் எந்த நூலையும் திறக்காதவர் என்று கொள்ளலாம்.

ஆயினும் கமிஷன் முறை ஒன்றே நாணயத்துக்குப் போதிய சாட்சியாகிவிடாது. ஏனெனில், பிரசுரகர்த்தர் தரும் பணம் முதலில் ஏஜெண்டின் கைக்கே வந்து, அவர் தம் பங்கைக் கழித்துக்கொண்ட பிறகே ஆசிரியனை அடைகிறது. லண்டனில் 1896-இல் தொழில் தொடங்கிய ஜே. பி. பிங்கர், ஜோசப் கான்ராட் இன்னும் எழுதி முடிக்காத நாவல்களை நம்பி ஆயிரம் பவுனுக்கு மேல் கடன் கொடுத்து, 1910-இல் அவரோடு பெருஞ்சச்சரவு நேர்ந்த பின்னும் அவரைக் கைவிடாமல் காத்தவர். அவருடைய மகன் எரிக் பிங்கரோ, நியூயார்க்கில் அதே தொழிலை நடத்தி, ஆப்பன்ஹைம் என்ற நாவலாசிரியருக்குச் சேரவேண்டிய பணத்தைக் கையாடி, 1939-இல் சிங் சிங் சிறைக்கு அனுப்பப்பட்டார்.

பிங்கர் என்ற பெயரை நம்பியவரைப் பேதை என்று பழிப்பது தகாது. ஆனால், பிரசுரகர்த்தர் அனுப்பிய கணக்குச் சீட்டைக் காட்டும்படி கேட்பதை அவமதிப்பாகக் கருதும் ஏஜெண்டு எவராயினும், அவர் பெரிய பிங்கரின் புதல்வராகவே இருப்பினும், அவரிடம் பிரதியை ஒப்படைக்கலாகாது.