கடனாக வந்த வலிமை

தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கிப் புறப்படும் மின்தொடர் வண்டி முதலில் நிற்கும் நிலையத்தின் பெயர் சானடோரியம். நாள்தோறும் அப்பெயரைப் படித்தவாறே கடந்து செல்கிறோம்; அதன் பொருளை எண்ணிப் பார்ப்பதில்லை. 1928-ஆம் ஆண்டில் மருத்துவர் சௌரி முத்து காசநோயாளருக்கென அங்கே நிறுவிய உறைவிடமே அப்பெயருக்குக் காரணம். பின்னர் அது அரசு மருத்துவமனையாயிற்று. 1990-களில் எய்ட்ஸ் நோயுற்றோர் பலர் அதன் வாயிலைத் தேடி வந்தனர். அந்நாள்களில் வண்டி அங்கு நின்றதும் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டவர்களை நாம் கண்டதுண்டு. நம்முள் சிலரும் அவ்வாறு மூடிக்கொண்டவர்களே என்பதை மறைப்பதற்கில்லை.

அக்கைக்குட்டைக்குள் இருந்தது அச்சம் மட்டும்தானா? எவரும் வெளியே சொல்லாத ஒரு சிறு பெருமிதமும் அதனுள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. நோய் அணுகாதவர் வலியவர். நோய்க்கு ஆளானவர் எளியவர். ஒருவேளை தம் தவற்றினால் தாமே அதைத் தேடிக்கொண்டவர். இதுவே நாம் ஓசையின்றி இட்டுவந்த கணக்கு. இக்கணக்கு சரியானதுதானா? இவ்வினாவை நம்முள் எழுப்பியது மருத்துவ நூல் எதுவுமன்று. ஒரு வெண்டைச் செடி.

தாம்பரத்தின் கிழக்கே, சேலையூர்ப் பக்கம், வீட்டுக்குப் பின்னே நான்கு வெண்டைச் செடி வளர்ப்போருக்கு ஒரு துயரம் பழக்கமானது. நன்கு தழைத்த செடியில் ஒருநாள் இலை நரம்புகள் மஞ்சளாகும். சில நாள்களில் இலை முழுவதும் மஞ்சள் வலை விரித்தாற்போல் வெளுக்கும். காய் வெளிறித் தடித்துப்போகும். இதற்கு மஞ்சள் நரம்புத் தேமல் நோய் என்று பெயர். இலையின் அடியில் ஒட்டியிருக்கும் வெள்ளை ஈயே நோயைச் சுமந்து வரும் தூதன். இந்த வெண்டையும், தெருவோரத்துப் பூவரசும், வேலியிலுள்ள செம்பருத்தியும், நாம் உடுத்தும் பருத்தியும் ஒரே குடும்பத்தவை. பூக்களை அருகருகே வைத்துப் பார்த்தால் உறவு புலப்படும். அதே வெள்ளை ஈ, அதே இனத்தைச் சேர்ந்த வேறொரு வைரஸைப் பருத்திக்கும் கொண்டு செல்கிறது. அங்கே நோயின் பெயர் இலைச்சுருட்டல். நரம்புகள் தடிக்கும், இலைகள் சுருளும், இலையின் அடியில் சிறு கிண்ணம் போன்ற வேற்றிலைகள் முளைக்கும், செடி குறுகி நின்றுவிடும்.

இந்நோய் 1967-இல் பாகிஸ்தானின் முல்தான் அருகே முதன்முதலாகக் காணப்பட்டது. இருபது ஆண்டுகள் பொருட்படுத்தப்படாமல் கிடந்து, 1980-களின் இறுதியில் பெருநோயாகப் பரவிற்று. 1991-92-இல் சுமார் 1 கோடியே 28 லட்சம் பொதிகளாக இருந்த அந்நாட்டுப் பஞ்சு விளைச்சல், 1993-94-இல் சுமார் 80 லட்சமாகச் சரிந்தது. 1993-இல் எல்லைக்கு இப்பால் ராஜஸ்தானின் ஸ்ரீகங்காநகர் வட்டாரத்திலும் நோய் தோன்றியது.

அவ்வேளையில் உழவர்கள் ஒரு வியப்பைக் கண்டனர். நீண்ட இழை தரும் அமெரிக்க இனப் பருத்தி நோயுற்று நிற்க, பக்கத்து வயலின் நாட்டுப் பருத்தி பசுமையாக நின்றது. நம் தென்மாவட்டக் கரிசலில் கருங்கண்ணி என வழங்குவதும் அந்நாட்டுப் பருத்தி இனமே. இழை குட்டை என்றும், ஆலைக்கு ஏற்றதன்று என்றும் பல்லாண்டுகளாக ஓரங்கட்டப்பட்டது அது. தள்ளப்பட்ட கல்லே மூலைக்கல்லாயிற்று என்று சொல்ல நம் நா துடிக்கும். ஆனால் சற்றுப் பொறுப்போம். வேரின் வழியே புகும் ஃபியூசேரியம் வாடல் நோய் வந்தால் காட்சி தலைகீழாகும். இந்திய மண்ணில் அந்நோய் வாட்டுவது நாட்டுப் பருத்தியை; அமெரிக்க இனமோ அசையாது நிற்கும். அப்படியாயின், இரண்டில் எது வலிய செடி? இவ்வினாவிற்கு விடையே இல்லை. எந்த நோயின் முன் என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். வலிமை என்பது செடிக்குள் தனித்திருக்கும் பொருளன்று. செடிக்கும் பகைக்கும் இடையே உள்ள ஓர் உறவு.

இனி அவ்வலிமை எங்கிருந்து வருகிறது என்று காண்போம். பெருநோயின் நடுவே பாகிஸ்தானிய ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான ஏக்கர் பாழாவதைப் பார்த்துக்கொண்டே, நோயைத் தாங்கும் அமெரிக்க இனச் செடியைத் தேடினர். கிடைத்தவை மிகச் சில. அவற்றுள் ஒன்றின் பெயர் எல்.ஆர்.ஏ. 5166. அது நம் கோயம்புத்தூரில், மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையத்தில் உருவான இனம். லட்சுமி, ரெபா பி-50, ஏசி 122 என்னும் மூன்று பெற்றோரின் கலப்பில் பிறந்ததால் அம்மூவெழுத்து. இலைச்சுருட்டல் நோய் தலைகாட்டாத கொங்கு மண்ணில், அந்நோயை மனத்திற்கொள்ளாமலே உருவாக்கப்பட்ட செடி அது. தான் சுமந்த கொடையைத் தானே அறியாத செடி எனலாம். இரு நாடுகளும் பகைமை பாராட்டிய காலத்தில், அதன் எதிர்ப்புத்திறன் முல்தான் வயல்களில் புதிய இனங்களுக்குள் கலந்தது. மனிதர் கடப்பதற்கு அரிய எல்லையை ஒரு விதை கடந்தது.

அவ்வெதிர்ப்பின் மரபியலை ஆராய்ந்து 2005-இல் வெளியான ஆய்வொன்று மூன்று மரபணுக்களைச் சுட்டியது. இரண்டு எதிர்ப்பைத் தருவன. மூன்றாவது அவ்வெதிர்ப்பை அடக்குவது. கொடையும் அக்கொடையை ஊமையாக்கும் தடையும் ஒரே பயிரின் மரபுச் செல்வத்தில் இருக்கின்றன. ஆகவே நோயுற்ற செடியைப் பார்த்து, ‘இதனிடம் ஒன்றுமில்லை’ என்று தீர்ப்பளிக்கவும் இயலாது. இருந்தும் வெளிப்படாது போயிருக்கலாம்.

புதிய இனங்களால் 1990-களின் பிற்பகுதியில் வயல்கள் மீண்டும் வெளுத்துச் சிரித்தன. அந்த வெற்றி நெடுநாள் நிலைக்கவில்லை. 2001-இல் புரேவாலா என்னும் ஊர்ப்பக்கம், எதிர்ப்புள்ளவை எனப் போற்றப்பட்ட இனங்களே இலை சுருண்டு நின்றன. முல்தான் வைரஸும் கோக்ரான் வைரஸும் தம் பகுதிகளை மாற்றிக்கொண்டு இணைந்த புதிய வைரஸ் அது. கலப்பினால் வலிமை பெறும் கலையை நாம் மட்டுமா அறிந்திருந்தோம்? ஓரிரு மரபணுக்களை மட்டும் நம்பிப் பல லட்சம் ஏக்கரில் ஒரே கோட்டையை எழுப்பினால், அதன் ஒரு பூட்டைத் திறக்கும் சாவி எங்கேனும் உருவாகியே தீரும். நாட்டுப் பருத்தியிடமிருந்து எதிர்ப்பைப் பெறலாமே எனின், அதற்கு 26 குரோமோசோம்கள்; அமெரிக்க இனத்திற்கு 52. இரண்டையும் இணைத்தால் பிறக்கும் செடி பெரும்பாலும் மலடாகும். அந்த இடைவெளியைக் கடக்கும் முயற்சிகள் பொறுமையோடு தொடர்கின்றன.

இவ்வரலாறு நமக்குக் கூறுவது என்ன? எதிர்ப்புத்திறன் தகுதியால் ஈட்டிய பரிசன்று. அது வேறொருவரிடமிருந்து வந்த கடன். ஒரு குறிப்பிட்ட பகைக்கு எதிராக மட்டும், ஒரு குறிப்பிட்ட காலம்வரை மட்டும் செல்லுபடியாகும் கடன். கடன் வாங்கியவன் கருவூலத்திற்கு உரியவன்போல நிமிர்ந்து நடப்பது அழகாகுமா?

மனிதனிடம் திரும்புவோம். உலக மக்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவரின் உடலில் காசநோய்க் கிருமி புகுந்து தங்கியிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. அவர்களுள் 5 முதல் 10 விழுக்காட்டினரே வாழ்நாளில் நோயுறுகின்றனர். எஞ்சியோர் அறியாமலே நலமாக வாழ்கின்றனர். அப்படியாயின் சானடோரியத்தில் மூக்கை மூடிக்கொண்ட நம்முள் எத்தனை பேர் அக்கிருமியை நெஞ்சில் சுமந்துகொண்டே மூடிக்கொண்டோம்! நம்மைக் காத்தது எது? பெற்றோர் வழிவந்த உடற்கூறு. வயிறார உண்ட சோறு. காற்று வரும் வீடு. இவற்றுள் எதை நாம் மட்டுமே சம்பாதித்தோம்? படுக்கையில் கிடந்தவருக்கு இவற்றுள் ஏதேனும் ஒன்று கிடைக்காமல் போயிருக்கலாம். அதனை அவருடைய குற்றமென்று எழுதியது நம் கைதான்.

‘அங்ஙனமாயின் முயற்சிக்கும் ஒழுக்கத்திற்கும் மதிப்பில்லையா?’ என்று வாசகர் கேட்கலாம். கேட்பது நியாயமே. பருவத்தில் விதைப்பதும், பழைய கட்டைகளை அகற்றுவதும், வெள்ளை ஈ தங்கும் களைகளை நீக்குவதும் உழவனின் கடமை. அக்கடமையைச் செய்யாதவனுக்கு நல்ல விதையும் உதவாது. உடலைப் பேணுவதும் அத்தகையதே. ஆனால் கடமையைச் செய்தேன் என்பது வேறு. ஆகவே எனக்கு வராது, வந்தவனெல்லாம் செய்யாதவன் என்பது வேறு. முன்னது பொறுப்பு, பின்னது செருக்கு. நல்ல உழவன் நோயுற்ற அயல்வயலைக் கண்டு நகைப்பதில்லை. காற்று திரும்பினால் வெள்ளை ஈயும் திரும்பும் என்பது அவனுக்குத் தெரியும்.

ஒன்று எஞ்சுகிறது. கடன் என்றால் திருப்பித் தரவேண்டும். யாருக்கு? கொடுத்தவருக்கே திருப்புவது பல வேளைகளில் இயலாது; தேவைப்படுபவருக்குத்தான் தர முடியும். கோயம்புத்தூர்ச் செடி முல்தானுக்குத் தந்தது அவ்வாறே. உடல்நலம் உள்ளவர் நோயாளியின் கட்டிலருகே செலவிடும் ஒரு மணி நேரமும் அவ்வகைத் திருப்பலே.

அடுத்த முறை வண்டி சானடோரியத்தில் நிற்கும்போது, மருந்துச் சீட்டைக் கையில் பற்றியபடி மெலிந்த ஒருவர் ஏறக்கூடும். கைக்குட்டை சட்டைப்பையிலேயே இருக்கட்டும். நாம் சற்று நகர்ந்து, அவருக்கு ஜன்னலோர இடத்தைத் தருவோம்.