வாயை மட்டும் அசையுங்கள்

சேர்ந்திசை மேடையில் ஓசை எழுப்பாத ஒரே ஆள், குழுவை நடத்துபவர்தான். முப்பது பேர் பாடுவார்கள். அவர் கையை மட்டும் அசைப்பார். யார் எப்போது தொடங்குவது, யார் அடங்கி ஒலிப்பது, யாருக்குத் தனியாக ஒரு வரி என்பதெல்லாம் அவர் கையில். பெரும்பாலும் அவருக்குச் சம்பளம் கிடையாது. யாரையும் வேலையைவிட்டு நீக்கவும் முடியாது. ஆனாலும் என் கணினித் தொழிலில் நான் பார்த்த எந்த மேலாளரைவிடவும் ஆழமாக ஒருவரைக் காயப்படுத்த அவரால் முடியும். அறிக்கை சரியில்லை என்றால் திருத்தி எழுதலாம். குரல் சரியில்லை என்றால் அது உடம்பைப் பற்றிய தீர்ப்பாகவே காதில் விழுகிறது.

இந்த அதிகாரம் சோதிக்கப்படும் இடம் ஒன்று உண்டு. சுருதி சேராதவரை என்ன செய்வது?

ஆக்லாந்தின் மவுண்ட் ராஸ்கில் பக்கம் ஒரு சமூகக்கூடத்தில் சனிக்கிழமை பிற்பகல்களில் கூடிப் பாடும் தமிழ்க்குழு ஒன்றில் நானும் பாடியிருக்கிறேன். யாழ்ப்பாணம், கோவை, சிங்கப்பூர், ஃபிஜி என்று பல ஊர்த் தமிழ் அங்கே கலக்கும். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கும்பகோணத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, சொந்த ஊரில் மார்கழி பஜனையில் பாடியவர். இங்கே அவர் குரல் மேல்ஸ்தாயியில் விலகியது. நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் இருக்கையில் குழுவை நடத்திய அக்கா மென்மையாகச் சொன்னார்: "அம்மா, அந்தப் பாட்டுக்கு மட்டும் வாயை அசையுங்கோ, போதும்." அந்த அம்மா தலையாட்டினார். பட்டுப்புடவையில் வந்து இரண்டாம் வரிசையில் நின்று வாயசைத்தார். மகன் வீடியோ எடுத்தார். அடுத்த பருவத்துக்கு அவர் வரவில்லை. முழங்கால் வலி என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அக்காவிடம் இதைப் பற்றிப் பேசினேன். "தம்பி, மூண்டு மாசமா வேலையும் பிள்ளையளும் பாத்துக்கொண்டு வந்து பழகினவை. ஒரு ஆளுக்காக முப்பது பேரின்ர பாட்டைக் கெடுக்கலாமோ?" என்றார். அதைத் தட்டிவிட முடியாது. கேட்க வந்தவர்களுக்கும் உரிமை உண்டு, உடன்பாடுபவர்களுக்கும் உண்டு. எல்லோரையும் சேர்த்துக்கொள்வதே அறம் என்று சொல்வது, பாட்டைக் காப்பாற்றும் பொறுப்பு இல்லாதவர்களுக்கு எளிது.

ஆனால் அவர் முன்னே இருந்த வழிகள் இரண்டு அல்ல, மூன்று. சேர்த்துக்கொள்வது, சேர்த்துக்கொள்ள முடியாது என்று சொல்வது, உருவத்தை மட்டும் சேர்த்துக்கொண்டு குரலை விலக்குவது. குரல்தேர்வு வைக்கும் குழு மறுக்கும்போது வலிக்கும்; ஆனால் அதில் உண்மை இருக்கிறது. மூன்றாவது வழி கருணைபோலத் தோன்றினாலும் முதலிரண்டைவிட மோசமானது. அது ஒருவரை மேடை அலங்காரமாக்குகிறது. அதோடு, அவர் பாடுகிறார் என்ற பொய்யை அவரையே நடித்துக்காட்டவும் வைக்கிறது.

உலகமே பார்த்த உதாரணம் ஒன்று உண்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவில் சிவப்பு கவுனில் பாடிய ஒன்பது வயது லின் மியாவோக்கே உண்மையில் வாயசைத்தாள். ஒலித்த குரல் ஏழு வயது யாங் பெய்யியுடையது. நாட்டின் நலனுக்காகவே அப்படிச் செய்தோம் என்று விழாவின் இசைப் பொறுப்பாளர் சென் சிகாங் பிறகு வானொலியில் விளக்கினார். ஒரு குழந்தையின் முகத்தையும் இன்னொரு குழந்தையின் குரலையும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு குழந்தைகளையும் முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை. விழா நேர்த்தியாக இருந்தது. அந்த நேர்த்திக்கு விலை கொடுத்தவர்கள் அதைக் கேட்டவர்கள் அல்ல, அந்த இரண்டு சிறுமிகள்.

வாயசைக்கச் சொல்வதற்கு முன் குழுவை நடத்துபவர் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. பிறவியிலேயே சுரபேதம் அறிய முடியாதவர்கள் நூற்றுக்கு நான்கு பேர், அல்லது அதற்கும் குறைவு என்கின்றன ஆய்வுகள். விலகிப் பாடும் மற்றவர்களுக்குக் காது சரியாகவே கேட்கிறது. குரல்தான் பழகவில்லை, அல்லது அவர்களுக்குத் தரப்பட்ட இடம் தவறு. நம் பாட்டில் இது இன்னும் கூர்மையான பிரச்சினை. எல்லோரும் ஒரே மெட்டைப் பாடுகிறோம். ஐந்து கட்டை வைத்தால் பெண்களுக்கு வசதி. ஆண்கள் மேலே கத்த வேண்டும், அல்லது கீழே முனக வேண்டும். ஒரு கட்டைக்கு இறக்கினால் பெண்களின் மந்திரஸ்தாயி காணாமல் போகும். சுருதி தேர்ந்ததுமே யார் தவறாகப் பாடுவார் என்பதும் பாதி முடிவாகிவிடுகிறது. பிறகு அது அவருடைய குறை என்று எழுதப்படுகிறது.

எம்.பி. சீனிவாசனின் பணியை நான் இந்தக் கோணத்தில்தான் பார்க்கிறேன். 'பாதை தெரியுது பார்' (1960) படத்துக்கு இசையமைத்தவர். சென்னையில் திரையிசைக் கலைஞர்களுக்குத் தொழிற்சங்கம் உருவாக முன்நின்றவர். எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் மெட்ராஸ் யூத் கொயரைத் தொடங்கி, தொழில்முறைப் பாடகர் அல்லாதவர்களைக் கொண்டு பாரதி பாடல்களைப் பல குரல் அடுக்குகளில் பாடவைத்தார். மேற்கத்திய முறையைக் கடன் வாங்கினார் என்று இதைச் சொல்லிவிடலாம். ஆனால் குரல்களைப் பகுதிகளாகப் பிரிப்பதில் ஒரு நீதியும் இருக்கிறது. கனத்த குரல்காரர் அங்கே உச்சத்துக்கு எட்டாத தோல்வியாளர் அல்ல. பாட்டின் அடித்தளம் அவருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. நீண்ட சுரத்தை யாராலும் ஒரே மூச்சில் பிடிக்க முடியாது. ஒருவர் மூச்சு வாங்கும்போது பக்கத்தில் இருப்பவர் தாங்குவார், கேட்பவருக்கு இடைவெளி தெரியாது. தொழிற்சங்கக்காரர் ஒருவர் சேர்ந்திசையை நாடியதில் எனக்கு வியப்பில்லை.

நியூசிலாந்து இன்னொன்றையும் எனக்குக் காட்டியது. மாவோரி முறைப்படி ஒருவரை வரவேற்கும்போது, பேசுபவர் உரையை முடித்ததும் அவர் பக்கத்தைச் சேர்ந்தவர்கள் எழுந்து ஒரு வையாட்டா பாடுவார்கள். அரசு அலுவலகங்களில் புதிதாகச் சேருபவர்களை வரவேற்கும்போதும் இது நடக்கிறது. கணக்குப்பிரிவு, கணினிப்பிரிவு என்று எல்லோரும் எழுந்து நிற்பார்கள். சுருதி முன்பின்னாக இருக்கும். அங்கே பாடுவது, பேசியவரோடு நான் நிற்கிறேன் என்று கையெழுத்துப் போடுவதைப் போல. வாயை மட்டும் அசைத்தால் கையெழுத்து விழாது. மார்கழி பஜனையும் அப்படித்தான்: முன்னவர் ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். கேட்பவர் என்று தனியாக யாரும் இல்லாததால் கெடுப்பவர் என்றும் யாரும் இல்லை.

பஜனையையும் கச்சேரியையும் ஒன்றாக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தான் எது என்பதைக் குழு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வாட்ஸாப்பில் "எல்லோரும் வாருங்கள்" என்று அழைத்துவிட்டு, நிகழ்ச்சிக்கு முந்தைய வாரம் கச்சேரித் தரம் கேட்பது நேர்மையல்ல. எல்லோரையும் அழைத்த குழு, எல்லோராலும் பாடக்கூடிய பாட்டையும் சுருதியையும் தேட வேண்டும். இரண்டு பாட்டில் முழுக்குரலும், ஒரு பாட்டில் பல்லவி மட்டும் என்று வெளிப்படையாகப் பிரிக்கலாம். ஒருவரோடு தனியாகப் பத்து நிமிடம் உட்கார்ந்து, அவர் குரல் எந்தச் சுரத்தில் தங்குகிறது என்று கேட்கலாம். அதற்குப் பிறகும் முடியாது என்றால், முடியாது என்று சொல்லலாம்.

ஏன் இவ்வளவு பாடு? இங்கே வாயசைக்கச் சொல்லப்படுபவர்கள் பாட்டிகள் மட்டுமல்ல. ழகரம் வராத, தமிழ் எழுத்தே தெரியாத, ஆங்கில எழுத்தில் பாடல் வரியை எழுதி வைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் வாரத்தில் சத்தமாகத் தமிழ் உச்சரிக்கும் நேரம் அந்த ஒரு மணிதான். அதிலும் வாயை மட்டும் அசைக்கச் சொன்னால், நிகழ்ச்சி நன்றாக இருக்கும். பத்து வருடம் கழித்து அந்த மேடையில் பாட யார் இருப்பார்கள் என்று அன்று மாலை யாரும் கேட்க மாட்டார்கள்.