தக்காளியும் கொல்லாமையும்

எறும்புப் புற்றுக்கு நொய் போடுகிறவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். நல்லவர்கள். அவர்களை ஒன்று கேட்க வேண்டுமென்று எனக்கு நெடுநாளாக ஆசை. நொய்யைப் போட்டுவிட்டு உள்ளே போய்த் தக்காளி ரசம் சாப்பிடுகிறீர்களே, அந்தத் தக்காளிக்காகச் செத்த உயிர்கள் எத்தனை என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா?

மாடியில் பத்துத் தொட்டி வைத்தவனுக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும். கடைத் தக்காளி குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு நம்மிடம் வருகிறது. அதன் பூர்வோத்தரம் நமக்குத் தெரியாது.

பட்டினப்பாக்கத்தில் தக்காளி வளர்ப்பது சற்றுப் பிடிவாதமான காரியம். கடல் கூப்பிடு தூரம். உப்புக் காற்று இலை நுனியைக் கருக்கிவிடும். ஆகையால் கைப்பிடிச் சுவரின் மறைவில், காற்று நேரே அடிக்காமலும் வெயில் ஆறு மணி நேரமாவது விழும்படியும் தொட்டிகளை வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் பூ கொட்டிப் போகும். ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகையில் நாற்றை நட்டு, குச்சி ஊன்றிக் கட்டி, இலையை நனைக்காமல் அடியில் தண்ணீர் விட்டு வந்தால் மாசியில் பழம் பார்க்கலாம்.

இத்தனையும் செய்த பிறகு விருந்தாளி வருகிறார். அவர் பெயர் காய்ப்புழு. தாய் அந்துப்பூச்சி இரவில் வந்து இலையிலும் பூவிலும் ஒவ்வொன்றாக முட்டையிட்டுப் போகிறது. பிறந்து வளர்ந்த புழு காயைத் துளைத்துத் தலையை உள்ளே விட்டுக்கொண்டு, உடம்பை வெளியே நீட்டியபடி விருந்து சாப்பிடுகிறது. ஒரு காயை முழுதாகத் தின்று தீர்த்தாலாவது மன்னிக்கலாம். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று பல காய்களை எச்சில் பண்ணிவிடும். கல்யாணப் பந்தியில் எடுத்தெறியும் இலைகளைப் பார்த்தவர்கள் இதற்காகப் புழுவை மட்டும் குறை சொல்ல மாட்டார்கள்.

நான் அதை விரலால் எடுத்து நசுக்கிவிடுவது வழக்கம். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு இது பொறுக்கவில்லை. “கொல்லாதீங்கோ ஸார். வேப்பெண்ணெய் தெளியுங்கோ. அது சாத்விகம்” என்றார்.

வேப்பெண்ணெய் நல்ல மருந்துதான். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, கரைவதற்குக் கொஞ்சம் சோப்பு. வெயில் தாழ்ந்த பிறகு தெளித்தால் பலன் உண்டு. ஆனால் சாத்விகமா? வேம்பின் சத்து புழுவின் பசியைக் கெடுக்கிறது. அது தோலுரித்து வளர முடியாமல் செய்கிறது. நசுக்கினால் ஒரு நொடியில் போகிற உயிர், பட்டினி கிடந்து, பழைய சட்டையைக் கழற்ற முடியாமல், சில நாட்களில் போகிறது. நம் விரலில் ஈரம் படவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மற்ற வழிகளும் இந்த ரகந்தான். இனக்கவர்ச்சிப் பொறி என்று ஒன்று விற்கிறார்கள். பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் பூச்சியை வரவழைத்துச் சிறை பிடிப்பது. (கதை எழுதிப் பிழைப்பவனுக்கு இது எங்கேயோ கேட்ட கதையாகத் தோன்றுகிறது.) செண்டுமல்லியை அருகில் நட்டால் அந்துப்பூச்சி அதை நாடிப் போய் முட்டையிடும், ஒருத்தியைப் பலி கொடுத்து இன்னொருத்தியைக் காப்பாற்றுவது. பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்து அதை அழிக்கும் சின்னஞ்சிறு குளவிகளையும் விடுகிறார்கள். அது அடியாள் வைத்துச் செய்கிற காரியம். எல்லாமே கடும் நஞ்சைவிட எவ்வளவோ மேல். ஆனால் இவற்றில் கொல்லாத வழி என்று ஒன்றும் இல்லை.

கொல்லாமைக்குத் தனி அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். கொடியவர்களை அரசன் கொலைத் தண்டனையால் ஒறுப்பதற்கு உவமை தேடியபோது அவரும் உழவன் களை பிடுங்குவதைத்தான் சொன்னார். பயிரைக் காப்பதில் ஓர் அழிவு இருக்கிறது என்பதை அவர் மறைக்கவில்லை.

பெரியவரின் செடிகள் என்னுடையவற்றைவிடச் செழிப்பு. காரணம், மீன் அமிலம். மீன் கழிவோடு சம எடை வெல்லம் சேர்த்து மூடி வைத்து, மூன்று வாரம் கழித்து வடித்து, நிறையத் தண்ணீர் கலந்து விடுவது. இந்தப் பேட்டையில் கழிவுக்குப் பஞ்சமா? மீன் விற்கிற அம்மாள் ஒருநாள் கழிவைக் கொடுத்தபடி கேட்டாள்: “ஏன் சாமி, நீ துன்ன மாட்டே, உன் செடி மட்டும் துன்னுதா?” பெரியவர் சிரித்து மழுப்பிவிட்டார். கொன்றதைக் கூடையில் பரப்பி, எல்லோரும் பார்க்க உட்கார்ந்திருக்கிறவள் அவள். அவளிடம் மழுப்பத்தான் முடியும்.

இதுவரை சொன்னது பத்துத் தொட்டிக்காரர்களின் தர்ம சங்கடம். இதில் எங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பாதிப் பழம் போனால் கடையில் அரைக் கிலோ வாங்கிக்கொள்வோம். 2023 ஜூலையில் விலை 100 ரூபாயைத் தாண்டியபோதுகூடச் சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குப் போட்டார்கள். கடன் வாங்கிப் பயிரிட்டவன் கதை அப்படியா? புழு துளைத்த பழத்தை நாம் ஒதுக்குகிறோம். நாம் ஒதுக்குவோம் என்று தெரிந்துதான் அவன் மருந்து அடிக்கிறான். 2017ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகளும் கூலியாட்களுமாக இருபது பேருக்கு மேல் அந்த நஞ்சு தாக்கியே இறந்தார்கள். அது பருத்தி, இது தக்காளி. ஆனால் கைத்தெளிப்பானை முதுகில் கட்டிக்கொண்டு, மூக்கை மூட ஒரு துண்டுகூட இல்லாமல் வரப்பில் நடக்கிறவன் இரண்டுக்கும் ஒருவன்தான். நம் கை சுத்தமாக இருப்பதற்கு அவன் சுவாசப்பை ஜாமீன்.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். “அதுக்கு நாம என்ன பண்றது?” என்று கேட்டார். ஓட்டை விழுந்த பழத்தையும் சேர்த்து வாங்குங்கள், அந்த இடத்தை அரிந்து எறிந்துவிட்டால் மிச்சம் ரசத்துக்கு ஆகும் என்றேன். மறுநாள் தள்ளுவண்டியில் இருவருமாகப் பொறுக்கினோம். வண்டிக்காரர் தராசிலிருந்து இரண்டு பழங்களைத் தாமாகவே எடுத்து ஓரமாகப் போட்டார். “அது சொத்தை சார். தெரியாம எடுத்துட்டீங்க” என்றார். தெரிந்துதான் எடுத்தோம் என்றதும் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அந்த இரண்டையும் நிறுக்காமல் பையில் போட்டார்.