திருடனைக் காட்டும் கண்ணாடி

நகை காணாமற்போன வீட்டில் மை போட்டுப் பார்க்கும் வழக்கம் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக உண்டு. வெற்றிலையில் கரிய மையைத் தடவி, விளக்கருகே வைத்து, ஒரு சிறுவனைக் கண்ணிமையாது பார்க்கச் செய்வர். அப்பளபளப்பில் திருடனின் முகம் தோன்றும் என்பது நம்பிக்கை. ஜம்ஷீது மன்னனுக்கு உலகைக் காட்டும் கிண்ணம் இருந்ததாகப் பாரசீகக் கவிஞர்கள் பாடினர். நம் ஊரில் அதற்கு ஒரு வெற்றிலையே போதுமானதாயிற்று!

சிறுவன் பொய்யுரைக்கிறான் என்று கொள்ள வேண்டுவதில்லை. இத்தாலிய உளவியலார் கபூட்டோ, 50 பேரை மங்கிய ஒளியில் சாதாரணக் கண்ணாடியின் முன் 10 நிமிடம் அமர்த்திச் சோதித்து, முடிவை 2010இல் வெளியிட்டார். மூவரில் இருவர் தம் முகம் உருமாறக் கண்டனர். நால்வரில் ஒருவருக்கு மேல் முன்பின் அறியாத முகத்தைக் கண்டனர். பஸராவில் பிறந்த இப்னுல் ஹைஸம், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமது 'கிதாபுல் மனாழிர்' நூலில் பார்வையின் பிழைகளுக்கெனத் தனிப் பகுதி ஒதுக்கினார். காண்பதில் ஒரு பங்கு கண்ணுடையது, மறு பங்கு தீர்மானிக்கும் அறிவினுடையது என்பது அவர் கொள்கை. அச்சிறுவனின் அறிவு யாரைத் தீர்மானிக்கும்? வீட்டார் காலை முதல் யார் பெயரை முணுமுணுத்தார்களோ, அவரைத்தான். பெரும்பாலும் அது வேலைக்காரியின் பெயராக இருக்கும். குறி கேட்பதை மார்க்கம் விலக்கியதில் இந்த நன்மையும் அடங்கியுள்ளதென நாம் கருதுகிறோம். குறிகாரன் கொண்டுபோவது காசு. அவள் இழப்பதோ மானம்.

இன்று அந்த மை கைப்பேசிக்குள் வந்துவிட்டது. 2017இல் தியாகராய நகரில் காவல்துறையினர் 'பேஸ்டேகர்' எனும் முகமறியும் செயலியைக் கையாளத் தொடங்கினர். ஐயத்துக்குரியவரைப் படமெடுத்து, பழங்குற்றவாளிகளின் படங்களோடு ஒப்பிடுவது அதன் வேலை. ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் (1934இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராயிருந்த முஹம்மது உஸ்மான் அவர்களின் பெயரே அது என்பதை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?) பண்டிகைக் கூட்டத்தில் பணப்பையைப் பறிகொடுத்தவரின் துயர் சிறிதன்று. கடைத்தெருவைக் கண்காணிப்பது முஹ்தஸிபின் கடமை என்று நம் முன்னோரும் வகுத்தனர். ஆகவே கருவியை வெறுப்பதற்கில்லை.

ஆயினும் கருவி சொல்வது 'இவன் திருடன்' என்பதன்று. 'இம்முகம் அம்முகத்தை இவ்வளவு ஒத்துள்ளது' என்பதே. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணியதால், 2020 ஜனவரியில் அமெரிக்காவின் டெட்ராயிட் நகரக் காவலர், ராபர்ட் வில்லியம்ஸ் என்பவரைத் தாம் செய்யாத கைக்கடிகாரத் திருட்டுக்காக மனைவி மக்கள் முன்னிலையில் கைது செய்தனர். ஏறத்தாழ 30 மணி நேரம் அவர் காவலில் கிடந்தார். வழக்குரைப்பவனே சான்று காட்ட வேண்டும் என்பது ஷரீஅத்தின் விதி. 'இவனைப் போல ஒருவன்' என்று சாட்சி மொழிந்தால் எந்தக் காழி தீர்ப்பளிப்பார்?

அதற்கும் முந்திய கேள்வி ஒன்றுண்டு. கூட்டத்தில் யார் முகத்தைப் படமெடுப்பது? கந்தல் உடுத்தியவனையா, வெளியூர்க்காரனையா? வீட்டார் முணுமுணுத்த பெயர் இங்கே மீண்டும் ஒலிக்கிறது. திருமறை ஊகங்களைத் தவிர்க்கவும், துருவி ஆராயாதிருக்கவும் ஒரே வசனத்தில் கட்டளையிடுவது இவ்விரண்டும் உடன்பிறந்தவை என்பதால் போலும்.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் மதீனாவில் இரவுக் காவல் சுற்றுகையில் ஒரு வீட்டினுள் சந்தேகக் குரல் கேட்டுச் சுவரேறிக் குதித்ததாக வரலாறு கூறுகிறது. உள்ளே ஒருவன் மதுவோடு இருந்தான். தான் செய்தது ஒரு குற்றமென்றும், துருவியதும், வாசல் வழி வராததும், ஸலாம் கூறாததுமாகக் கலீபா செய்தவை மூன்றென்றும் அவன் எடுத்துரைத்தான். உலகாண்ட அப்பெருந்தகை, அவனை மன்னித்துவிட்டு வெளியேறினார்கள்.