திருவிழாப் பணம்

(திருக்குடும்பத் திருவிழா மறையுரை, தேவாரம்)



இந்த வாரம் முழுக்க என்னிடம் ஒரே புகார். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத பிள்ளைகள் கிறிஸ்துமஸ் லீவில் வீட்டில் தங்காமல் தீம் பார்க், ரிசார்ட் என்று கிளம்பிவிடுகிறார்களாம். முன்பெல்லாம் மதுரைக்குப் பக்கத்தில் பரவையில் இருக்கிற அதிசயம் பார்க்குக்குக் காலையில் போய் ராத்திரி திரும்பிவிடுவார்கள். இப்போது கொச்சி, மேட்டுப்பாளையம், பெங்களூரு என்று ரூம் போட்டுத் தங்கிவிட்டு வருகிறார்கள். "திருநாளும் அதுவுமா பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு ராட்டினம் சுத்தப் போயிட்டான் சாமி, நீங்க பூசையில வச்சுக் கொஞ்சம் கண்டிச்சுச் சொல்லணும்" என்று கேட்டவர்கள் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். பெயர் சொல்லமாட்டேன், பயப்படாதீர்கள்.

கண்டிப்பதற்கு விவிலியத்தில் எனக்கு இடம் அகப்படவில்லை. அகப்பட்டதெல்லாம் அந்தப் பிள்ளைகள் பக்கமே பேசுகிறது. இணைச்சட்டம் 24-ஆம் அதிகாரம், 5-ஆம் வசனத்தை வீட்டுக்குப் போய் எடுத்துப் பாருங்கள். புதிதாக மணம் முடித்தவனைப் போருக்கு அனுப்பக்கூடாது, ஊர்ப் பொறுப்பு எதையும் அவன் தலையில் கட்டக்கூடாது, ஓராண்டு அவன் வீட்டில் சும்மா இருந்து மனைவியை மகிழ்விக்கட்டும் என்கிறது மோசேயின் சட்டம். எதிரி வாசலில் நின்றாலும் அவனுக்கு லீவு! இதைக் கடவுளின் சட்டமாக எழுதி வைத்த மக்கள் நம்மைவிடக் கடினமான வாழ்க்கை வாழ்ந்தவர்கள். ஆடு மேய்த்து, பாறைச் சரிவில் கோதுமை விதைத்துப் பிழைத்தவர்கள். அவர்களுக்கே அது ஆடம்பரமாகப் படவில்லை.

அதே நூலில் 14-ஆம் அதிகாரம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. ஆண்டுதோறும் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வை. அதை எடுத்துக்கொண்டு ஆண்டவரின் திருத்தலத்துக்குப் போ. தூரம் அதிகமானால் மூட்டை சுமக்க வேண்டாம், விற்றுக் காசாக்கி முடிந்துகொண்டு போ. போன இடத்தில் அந்தக் காசுக்கு உன் மனம் எதை விரும்புகிறதோ அதை வாங்கு. மாடு, ஆடு, திராட்சை மது, எதுவானாலும் சரி. நீயும் உன் வீட்டாரும் அங்கே ஆண்டவர் முன்னிலையில் உண்டு மகிழுங்கள். இப்படிச் சொல்கிறது. (மது என்கிற ஒரு வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு ஆண்கள் யாரும் வெளியே போகவேண்டாம். குடும்பத்தோடு என்று சொல்லியிருக்கிறது, டாஸ்மாக் வாசலில் என்று சொல்லவில்லை.) குடும்பம் பயணம் போகவும், போன இடத்தில் செலவழித்துச் சந்தோஷமாக இருக்கவும் கடவுளே பணம் ஒதுக்கச் சொல்கிறார். காணிக்கைக்கு ஒதுக்குகிற கை அதற்கும் ஒதுக்கவேண்டும்.

நம் ஊரில் இது ஏன் முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள். ஏலக்காய் எடுப்பு ஜூலை, ஆகஸ்டில் தொடங்கினால் ஜனவரி, பிப்ரவரி வரை இழுக்கும். ஒரே செடியில் காய் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் விளையும், அதனால் ஒருமுறை எடுத்த தோட்டத்துக்குத் திரும்பத் திரும்பப் போகவேண்டும். கிறிஸ்துமஸ் அதன் நடுவில் வருகிறது. விடியுமுன் எழுந்து சோறு கட்டிக்கொண்டு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, பூப்பாறை, சாந்தம்பாறை, உடும்பன்சோலை என்று போகிறவள் மனைவி. செடிக்கு அடியில் தரையோடு கிடக்கிற சரத்தில் முதுகை வளைத்துக் காய் பறிக்கிறாள். ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஒரு கிலோ தேறும். அதைக் காயவைக்கிற ஸ்டோரில் ராத்திரி முழுக்கச் சூடு குறையாமல் பார்த்துக்கொள்கிறவன் புருசன். அவள் இறங்கி வரும்போது அவன் ஏறிப் போகிறான். சாக்கலூத்து மெட்டுக்கு ரோடு வேண்டும் என்று எத்தனையோ காலமாகக் கேட்கிறோம். தலைக்கு நேர் மேலே தெரிகிற மலைக்கு இன்னும் போடிமெட்டையோ கம்பம்மெட்டையோ சுற்றித்தான் வண்டி போகிறது. அந்த மணிநேரங்களும் குடும்பக் கணக்கில்தான் கழிகின்றன. ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, முகம் பார்த்துப் பேசி ஒரு மாதமான தம்பதிகள் இந்தக் கோவிலில் இருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட இரண்டு பேர் வேறு ஊருக்குப் போய், சமையல் இல்லாமல், ஜீப் ஹாரன் இல்லாமல், தண்ணீரில் நனைந்து சிறுபிள்ளைகளைப் போலக் கத்திச் சிரித்தால் அதில் எனக்குத் தப்புத் தெரியவில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் எழுதிய 'அன்பின் மகிழ்வு' மடலில், இளம் தம்பதிகள் சேர்ந்து பயணம் போவதையும், வாசலில் காத்திருந்து ஒருவரையொருவர் வரவேற்பதையும், வீட்டு வேலையைப் பங்குபோட்டுக்கொள்வதையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறார். டூர் போவதற்குத் தயாராக இருக்கிற ஆண்பிள்ளைகள் அந்த மூன்றாவதையும் சேர்த்து வாசியுங்கள்.

இப்போது பெரியவர்கள் முதல் வாசகத்தைக் கையில் எடுப்பீர்கள் என்று தெரியும். சீராக் ஞானநூல் பெற்றோரை மதிக்கச் சொல்கிறது, முதுமையில் தாங்கச் சொல்கிறது. உண்மைதான். கிறிஸ்துமஸ் அன்று சாப்பாட்டு நேரத்துக்கு அம்மா தனியாக உட்கார்ந்திருந்தால் அது பெரிய குறை. பிள்ளைகளே, இரவுத் திருப்பலியும் திருநாள் சாப்பாடும் அவர்களோடு இருக்கட்டும். மறுநாள் கிளம்புங்கள். ஆனால் பெரியவர்களே, சீராக்கின் வார்த்தையைக் கம்பாக்கி மருமகளை அடிக்காதீர்கள். இன்றைய இரண்டாம் வாசகத்தில் பவுலடியார் பிள்ளைகளைக் கீழ்ப்படியச் சொன்ன கையோடு, பிள்ளைகள் மனம் தளர்ந்துபோகும்படி அவர்களைச் சீண்டாதீர்கள் என்று தகப்பன்மாரையும் எச்சரித்திருக்கிறார். அந்தப் பாதியையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நற்செய்திக்கு வருகிறேன். பெத்லகேம் சத்திரத்தையும் ரிசார்ட் ரூமையும் ஒப்பிடுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அது வேண்டாம். இன்றைய வாசகம் அதற்குப் பிந்தியது. ஏரோது குழந்தையைத் தேடுகிறான், யோசேப்பு ராத்திரியோடு ராத்திரியாகத் தாயையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்கு ஓடுகிறார். முதல் கிறிஸ்துமஸுக்குப் பிறகு அந்தத் தம்பதி போன பயணம் அதுதான். எந்த ஊரில் தங்கினார்கள் என்று மத்தேயு எழுதவில்லை. எகிப்தின் கிறிஸ்தவர்கள், காப்டிக் சபையார், மறக்கவில்லை. நைல் ஆற்றங்கரையில் இங்கே இளைப்பாறினார்கள், இந்தக் கிணற்றில் குடித்தார்கள் என்று ஊர் ஊராக அடையாளம் வைத்து, இன்றுவரை விழா எடுக்கிறார்கள். பாட்டு, பவனி, விளையாட்டு, சாப்பாடு எல்லாம் உண்டு, முஸ்லிம் குடும்பங்களும் வந்து கலந்துகொள்கின்றன. 2022-இல் யுனெஸ்கோ அந்த விழாக்களை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. ஒரு தம்பதி உயிருக்குப் பயந்து ஓடிய பாதையில் இப்போது பிள்ளைகள் விளையாடுகிறார்கள். இதை வாசித்தபோது எனக்கு என்னமோ யோசேப்பு இதற்காகச் சந்தோஷப்படுவார் என்றுதான் தோன்றியது.

ஆனால் மோசேயின் சட்டம், பயணத்துக்கு ஒதுக்கச் சொன்ன அந்தத் திருவிழாப் பணத்தோடு ஒரு நிபந்தனையையும் முடிந்து வைத்திருக்கிறது. உன் ஊரில் நிலமில்லாத லேவியனை மறந்துவிடாதே என்கிறது. (ஆலயப் பணி செய்கிற அந்த லேவியன் இடத்தில் இப்போது நான்தான் நிற்கிறேன். எனக்கு ஒன்றும் வேண்டாம், ஊர் திரும்பும்போது பலகாரமும் வாங்கிவர வேண்டாம், சர்க்கரை இருக்கிறது.) மூன்றாம் ஆண்டில் அந்தப் பத்தில் ஒரு பங்கை ஊர் வாசலிலேயே வைத்துவிடு, அந்நியரும் அநாதையும் கைம்பெண்ணும் வந்து வயிறார உண்ணட்டும் என்கிறது. நான் மகிழ்வதற்காக ஒதுக்கிய அதே பணம்தான் அது, வேறு உண்டியல் இல்லை.

நமக்கு இது சுலபமாகப் புரியவேண்டும், ஏனென்றால் நாம் இருக்கிற இடமே இன்னொருவருடைய சுற்றுலா. மூணாறிலும் சின்னக்கானலிலும் கிறிஸ்துமஸ் ராத்திரி கேக் வெட்டுகிறவர்களுக்குப் படுக்கை விரிப்பது நம் பிள்ளைகள். விடியற்காலையில் கொழுக்குமலைக்குச் சூரிய உதயம் பார்க்க ஜீப் ஓட்டுகிறவன் நம் பையன். 2018 மார்ச் 11, ஒரு ஞாயிற்றுக்கிழமை, குரங்கணி மலையில் காட்டுத்தீ பிடித்தது. விடுமுறைக்கு வந்தவர்களில் 20 பேருக்கு மேல் செத்துப்போனார்கள், புதுத் தம்பதியும் அதில் உண்டு. முதலில் மலையேறிப் போய் வெந்தவர்களைப் போர்வையில் சுமந்து இறக்கியவர்கள் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களும் தோட்டத்து ஆட்களும். சம்பளத்துக்குச் செய்த வேலை இல்லை அது. முதல் கிறிஸ்துமஸ் அன்றும் வானதூதர் வந்தது ராத்திரி வேலையில் இருந்தவர்களிடம்தான். ஆகவே ரிசார்ட்டுக்குப் போகிற தம்பதிகளே, அங்கே ரூம் துடைக்கிற அக்காவும், ராட்டினத்துக்குப் பக்கத்தில் பெல்ட் சரிபார்க்கிற தம்பியும் திருநாளன்று வீட்டில் இல்லை. பெயர் கேளுங்கள். கூலியைக் குறைத்துப் பேசாதீர்கள்.

கொச்சியில் பள்ளிக்கரைக்குப் போகப்போகிறவர்களுக்கு ஒரு கதை சொல்கிறேன். அங்கே இருக்கிற வொண்டர்லா தீம் பார்க்குக்கு முதல் பெயர் வீகாலாண்டு, 2000-இல் திறந்தார்கள். கட்டியவர் கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி. 1977-இல் வி-கார்டு கம்பெனியைத் தொடங்கியவர், உங்கள் வீட்டு டிவிக்குப் பின்னால் அவருடைய ஸ்டெபிலைசர் இருந்திருக்கும். திருச்சூரில் டேவிஸ் சிறமேல் என்று ஒரு கத்தோலிக்கக் குருவானவர், 2009-இல் தம் சிறுநீரகம் ஒன்றை ஓர் இந்து எலக்ட்ரீஷியனுக்குக் கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சும்மா இருக்காமல், மற்றவர்களையும் கொடுக்கத் தூண்ட ஓர் அமைப்பைத் தொடங்கினார். அதைப் பார்த்துத்தான் 2011-இல், அறுபது வயதில், இந்தத் தீம் பார்க் முதலாளியும் தம் சிறுநீரகத்தைக் கொடுத்தார். வாங்கியவர் முன்பின் அறியாத ஒரு லாரி டிரைவர். அந்த டிரைவரின் குடும்பம் இன்னொரு நோயாளிக்குக் கொடுக்க, அது சங்கிலியாக நீண்டது. கோடிக் கணக்கில் பணம் வைத்திருந்தவர் செக் எழுதிக் கொடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் ஆஸ்பத்திரி மேசையில் படுத்தார். எல்லாரும் சிறுநீரகம் கொடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை, அதை டாக்டர் சொல்லவேண்டும். அடுத்தவர் சிரிப்பதற்கு டிக்கெட் விற்றவருக்குக்கூட, டிக்கெட் வாங்க முடியாத ஒருவர் கண்ணில் பட்டாரே என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று, சுருக்கமாக. குழுக் கடன் வாங்கி டூர் போகாதீர்கள். மோசே சொன்னது ஒதுக்கி வைத்த காசு. தவணைக்காரர் வாசலில் நிற்கும்போது புருசன் பெண்டாட்டி சண்டை வந்தால், அந்த போட்டோவையெல்லாம் யார் பார்ப்பது? ஸ்டேட்டஸ் போடுவதையும் திரும்பி வந்து வைத்துக்கொள்ளலாம், உங்கள் பக்கத்தில் இருக்கிற ஆளைப் பார்க்கத்தானே போனீர்கள்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. தவக்காலம் முடியட்டும். பாஸ்காவுக்கு அடுத்த வாரம் காய் எடுப்பும் ஓய்ந்திருக்கும். அப்போது பங்கிலிருந்து ஒரு பேருந்து ஏற்பாடு செய்யலாம் என்று பங்குப் பேரவையில் பேசியிருக்கிறோம், தம்பதிகளுக்கு மட்டும். பிள்ளைகளை அன்றைக்குத் தாத்தா பாட்டிகள் பார்த்துக்கொள்வார்கள், புகார் சொன்னவர்கள் முதலில் பெயர் கொடுக்கலாம். எந்த ஊர் என்று போகிறவர்களே முடிவு செய்யட்டும், அதிசயம் என்றால் அதிசயம். பணம் இருக்கிறவர்கள் இரண்டு பேருக்குப் பதில் நான்கு பேருக்குக் கட்டுங்கள். அந்த இரண்டு சீட்டில் யார் உட்காருவார்கள் என்று கட்டியவருக்கும் சொல்லமாட்டோம், யார் கட்டியது என்று உட்காருகிறவருக்கும் சொல்லமாட்டோம். திருப்பலி முடிந்ததும் கோவில் பிள்ளையிடம் நோட்டு இருக்கும்.

எழுந்து நின்று விசுவாச அறிக்கை சொல்வோம்.