துவாதசியில் ஒரு நாழிகை

நாளைய காரியத்தை மணிக்கணக்கிட்டு இன்றே வகுத்து வைப்பது பகவானிடத்தில் விசுவாசக் குறைவாகாதோ என்று சிலர் கேட்பதுண்டு. அவன் விட்ட வழி என்றிருப்பதே பக்தனுக்கு அழகு என்பது அவர்கள் கருத்து. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏகாதசி உபவாஸம் இருப்பவர் எவரும் அப்படி இருந்துவிட இயலாது. மறுநாள் துவாதசி திதி கழிவதற்குள் பாரணை செய்தாக வேண்டும் என்பது சாஸ்திரம்.

பஞ்சாங்கத்தில் துவாதசி 3 நாழிகை 45 விநாழிகை என்றிருந்தால், அது சூரியோதயம் தொட்டு எண்ண வேண்டிய கணக்கு. நாழிகைக்கு 24 நிமிஷமாக 90 நிமிஷம். உதயம் 5 மணி 46 நிமிஷமானால் 7 மணி 16 நிமிஷத்தோடு திதி முடிந்தது. உதயம் என்றாலே 6 மணி என்று வைத்துக் கூட்டியவர் 7.20-க்கு இலையில் அமர்ந்து, விரத பலனை இழந்து எழுவார். ஆகவே பாரணை 7 மணிக்கென்றால் திருவாராதனம் எப்போது, தளிகை எப்போது, ஸ்நானம் எப்போது என்று பின்னோக்கி எண்ணிக்கொண்டே போக வேண்டும். பருப்பு வேகும் பொழுதில் அகத்திக்கீரையை ஆய்ந்து, கீரை வேகும் பொழுதில் நெல்லிக்காயை அரைத்து, ஒரு நிமிஷமும் சிந்தாமல் முடிக்கும் கிருஹிணிகளின் மனக்கணக்குக்கு எந்த ஜோதிஷரும் ஈடாகார்.

இந்தக் கணக்கு தர்மத்தையே சிக்கலில் மாட்டிய கதை ஸ்ரீமத் பாகவதத்தின் ஒன்பதாம் ஸ்கந்தத்தில் உள்ளது. ஓராண்டு துவாதசி விரதம் பூண்டு, இறுதியில் மூன்று இரவு உபவஸித்திருந்த அம்பரீஷ மஹாராஜன் பாரணைக்கு அமரும் தருணத்தில் துர்வாஸ மஹரிஷி அதிதியாக எழுந்தருளினார். அமுது செய்ய இசைந்து, யமுனைக்கு நீராடச் சென்றவர் தியானத்தில் ஆழ்ந்துவிட்டார். துவாதசியில் எஞ்சியது அரை முகூர்த்தம், அதாவது ஒரே நாழிகை. அதிதிக்கு முன் உண்டால் அபசாரம், உண்ணாவிடில் விரதபங்கம். நாழிகை அறியாத ஒருவனுக்கு இந்த ஸங்கடமே நேர்ந்திராது. ரிஷி வரும்வரை நிம்மதியாகக் காத்திருந்திருப்பான். அறிந்தவனுக்கே கடமை பிறக்கிறது.

அந்த 24 நிமிஷத்தை அரசன் கலங்குவதில் கழிக்கவில்லை. பெரியோர்களைக் கூட்டி விசாரித்தான். நீர் பருகுவது உண்டதுமாகும், உண்ணாததுமாகும் என்று தெளிந்து, அச்சுதனை நினைந்து தீர்த்தம் மட்டும் உட்கொண்டு மீண்டும் காத்திருந்தான்.

துர்வாஸரைக் குறை கூறுவது சிறியோர்க்குத் தகாது. ஆயினும் ஒன்று தோன்றாமல் இராது. அவர் ஆற்றங்கரையில் மறந்த காலம் அவருடையதாக மட்டும் இருந்திருந்தால் கேள்வியே இல்லை. அது பசித்திருந்த மற்றொருவனுடைய துவாதசி. நேரத்தை எண்ணுவது லௌகிகம் என்று ஒதுக்குவோர் ஒதுக்குவது பெரும்பாலும் பிறருடைய நேரத்தையே. விருந்துக்கு அழைத்த வீட்டில் இலை போட்டுக் காத்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

பின்னர் நடந்தது அனைவரும் அறிந்ததே. முனிவர் சினந்தார், ஸுதர்சனம் துரத்திற்று, மூவுலகும் ஓடி, புகலின்றி அரசனிடமே திரும்பினார். அதற்குள் ஓராண்டு கழிந்திருந்தது. ஒரு நாழிகையை அத்தனை நுட்பமாக எண்ணிய அம்பரீஷன், அதிதி வந்து அமுது செய்யட்டும் என்று, அந்த ஆண்டு முழுவதும் தண்ணீரை மட்டும் பருகிக் காத்திருந்தான்.